கிராய் படிக்கட்டு சொல்லும் வானிலை

குவாலா கிராய் நகரில் ஆற்றங்கரைக்கு வழி கேட்டால் சாலைப் பெயர் சொல்பவர்கள் குறைவு. ‘தங்கா கிராய் எங்கே?’ என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கை காட்டும். தங்கா என்றால் மலாயில் படிக்கட்டு. நகரம் இருக்கும் மேட்டிலிருந்து கிளந்தான் ஆற்றை நோக்கி இறங்கும் நீளமான படிக்கட்டு அது. ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது; பிராட்லி படிக்கட்டு என்று இன்னொரு பெயரும் உண்டு.

சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும்படியான அழகு அதில் இல்லை. மழை நாளில் வழுக்கும். கீழே ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கிளந்தான் மக்கள் பல தலைமுறையாக இந்தப் படிக்கட்டைத்தான் வெள்ள அறிவிப்பாக வைத்திருக்கிறார்கள். ஆற்று நீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்து, கீழே கோத்தா பாருவில் இருப்பவர்கள் அரிசி மூட்டையை மேலே தூக்கி வைப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்று முடிவு செய்வார்கள். இங்கே ஏறும் தண்ணீர் பல மணி நேரம் கழித்துத்தான் அங்கே போய்ச் சேரும். அந்த இடைவெளியில் உயிரையும் உடைமையையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த வேலையை வடிகால், நீர்ப்பாசனத் துறை செய்கிறது. ஜேபிஎஸ் என்று நாம் சொல்லும் அதே துறைதான். தங்கா கிராயில் ஆற்று மட்டம் எத்தனை மீட்டர் என்று அதன் ‘இன்ஃபோ பஞ்சிர்’ இணையத்தளத்தில் பார்க்கலாம். 20 மீட்டர் என்றால் விழிப்புநிலை. 22.5 என்றால் எச்சரிக்கை. 25 என்றால் அபாயம். இந்த மூன்று எண்களும் இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம்.

மலையில் பெய்தால் ஊரில் ஏறும்

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு 8-ஆம் எண் கூட்டரசு சாலைதான் வழி. பெந்தோங், ரவூப், லிப்பிஸ், குவா மூசாங் என்று மலையும் காடும் செம்பனைத் தோட்டமுமாக மாறி மாறி வரும். ஜொகூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வரலாம். கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் இந்தக் கிழக்குக் கரை ரயில் பாதை 1931-இல் முழுமையடைந்தது. ஜப்பானியர் காலத்தில் இதன் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். 2014 வெள்ளத்தில் கெமுபு பாலம் அடித்துக்கொண்டு போனதால் சில ஆண்டுகள் பாதை மீண்டும் துண்டாகிக் கிடந்தது.

சாலையில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம். குவா மூசாங்கைத் தாண்டியதும் நம் கூடவே ஆறுகளும் வடக்கே இறங்கி வருகின்றன. தென்மேற்கு மலைகளிலிருந்து காலாஸ் ஆறு. தென்கிழக்கிலிருந்து லெபிர் ஆறு. இரண்டும் குவாலா கிராய் அருகே கூடி, கிளந்தான் ஆறு என்ற பெயரில் கடலுக்குப் போகின்றன. மாநிலத்தின் பெரும்பகுதி மழை நீரும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாசலில்தான் படிக்கட்டு இருக்கிறது.

அதனால் இந்த ஊரில் ஒரு விசித்திரம் உண்டு. தலைக்கு மேல் வெயில் காயும். கீழே ஆறு ஏறிக்கொண்டிருக்கும். மழை இங்கே பெய்திருக்காது. குவா மூசாங் பக்கம் பெய்திருக்கும். வானத்தைப் பார்த்து வெள்ளத்தைச் சொல்ல முடியாத ஊர் இது. மேல்பகுதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, ஆறு இப்போது எத்தனை மீட்டர், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கணக்குத்தான் இங்கே பேசும்.

கிளந்தான் மாநிலத்தின் ஒரே தமிழ்ப்பள்ளியான பாசீர் காஜா தமிழ்ப்பள்ளி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரப்பர்த் தோட்டக் காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சில இன்னும் இங்கேயே இருக்கின்றன. அவர்கள் பேசும் தமிழில் கிளந்தான் மலாய்ச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும். வெள்ளத்தை அவர்களும் ‘பா’ என்றுதான் சொல்கிறார்கள். கிளந்தான் மலாயில் ‘பா’ என்றால் பெருவெள்ளம். 1926-இல் வந்தது ‘பா ஆயர் மேரா’, செந்நீர் வெள்ளம். 2014-இல் வந்தது ‘பா கூனிங்’, மஞ்சள் வெள்ளம். ஆறு அடித்து வந்த மண்ணின் நிறம் வெள்ளத்துக்குப் பெயராகிவிட்டது.

மூன்று எண்களும் ஒரு பெரியவரும்

நவம்பர் கடைசியில் ஒரு நாள், பசாருக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு பெரியவருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் பிறந்து, பிறகு பல ஆண்டுகள் லோரி ஓட்டியவர். நான் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

“மழைக் காலத்துல இந்தப் பக்கம் வர்றீங்களே தம்பி, வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?”

சொன்னார்கள். ‘48 மணி நேரத்தில் கிழக்குக் கரையைப் பெரும்புயல் தாக்கும், அனைவருக்கும் பகிரவும்’ என்று புலனத்தில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே சுழலும் சிவப்பு வட்டம் போட்ட ஒரு வரைபடம். யார் அனுப்பியது, எந்தத் தேதிக்குரியது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியில் அன்று புயல் எச்சரிக்கை எதுவும் கிடையாது. இடியுடன் மழை, அதுவும் சில இடங்களில், என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை.

“புலனத்துல வர்றத நம்புனா, கிராய் வருசத்துக்கு மூணு தரம் முழுகியிருக்கணும். நாங்க பாக்குறது மூணே நம்பர்தான். இருபது, இருபத்திரண்டரை, இருபத்தஞ்சு.”

1967 வெள்ளத்தின்போது அவர் பத்து வயதுப் பையன். அப்போது தங்கா கிராயில் நீர்மட்டம் 33.61 மீட்டர். ஒரு தலைமுறைக்கே அதுதான் உச்சவரம்பு. வீடு கட்டுகிறவர்கள், ‘67-இல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?’ என்று கேட்டுத்தான் தரை போடுவார்களாம். ‘அப்போதே இங்கே வரவில்லை, இனிமேலா வரப்போகிறது’ என்ற நிம்மதியில் பல வீடுகள் எழுந்தன.

2014 டிசம்பரில் அந்த நிம்மதி போனது. டிசம்பர் 21 முதல் 23 வரை மூன்று நாளில் குவா மூசாங் பகுதியில் 1,295 மில்லிமீட்டர் மழை பெய்ததாகத் தேசியப் பாதுகாப்பு மன்றம் பிறகு தெரிவித்தது. கோலாலம்பூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர்தான். அதில் பாதிக்கும் மேல் மூன்றே நாளில் மலையில் கொட்டியது. கிறிஸ்துமஸ் வாரத்தில் தங்கா கிராயில் ஆறு 34.17 மீட்டரைத் தொட்டது. 1967-ஐவிட அரை மீட்டருக்கும் மேல் அதிகம். அபாய அளவைவிட 9 மீட்டருக்கும் மேல் அதிகம். மானெக் உராய் கம்போங்கில் வீடுகள் அடித்தளத்தோடு போயின. நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

பெரியவரின் வீடு நகருக்கு வெளியே தாழ்வான இடத்தில் இருந்தது. ஆறு இருபத்திரண்டரையைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் மனைவியையும் பத்திரப் பையையும் எடுத்துக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் போகவில்லை. ‘67-லேயே இங்கே வரலை’ என்றாராம். இரண்டு இரவு கூரையில் உட்கார்ந்திருந்தவரைப் படகில் வந்து இறக்கினார்கள்.

“அவருக்கு ஞாபகம் நல்லா இருந்துச்சு தம்பி. அதான் கெடுத்துச்சு” என்றார் பெரியவர்.

பெயரில்லாத மழை

2014 வெள்ளத்தை நினைக்கும்போது நம்மில் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தது புயல் அல்ல. அதற்கு ஒரு பெயர் கிடையாது, கண் கிடையாது, கரையைக் கடக்கும் நேரம் கிடையாது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சைபீரியா, சீனா பக்கம் குளிர் கூடும்போது அங்கிருந்து காற்று தெற்கே பெருக்கெடுத்து வரும். வெதுவெதுப்பான தென்சீனக் கடலைக் கடக்கும்போது அது ஈரத்தை அள்ளிக்கொள்ளும். கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையை அடைந்து மலைகளில் மோதும்போது அந்த ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். இந்தப் பெருக்கு நாள்கணக்கில் நின்றால் மழையும் நாள்கணக்கில் நிற்காது. நம் நாட்டுப் பெருவெள்ளங்களில் பல இப்படி வந்தவைதான்.

இதைத் தொலைக்காட்சியில் காட்டுவது கடினம். சுழலும் வட்டம் இல்லை. நகரும் அம்புக்குறி இல்லை. புயல் என்றால் நம் மனத்தில் வரும் காட்சி வேறு. தமிழ்நாட்டு அலைவரிசைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற நமக்குத் தானே, வர்தா, கஜா என்ற பெயர்கள் எல்லாம் பரிச்சயம். கடற்கரையில் மழைக்கோட்டு போட்ட செய்தியாளர், சாயும் தென்னை, ‘இன்னும் சில மணி நேரத்தில் கரையைக் கடக்கும்’ என்ற எழுத்து ஓட்டம். வங்கக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றும் கரை கடக்கும் இடமும் உயிர்ப் பிரச்சினை. அந்த மக்களுக்கு அது வேண்டிய செய்தி. அந்தக் காட்சியை அப்படியே நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினால், பார்க்க வேண்டியதை விட்டுவிடுவோம்.

சூறாவளி சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்பம் வேண்டும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தத் திருப்பம் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பிலிப்பைன்ஸையும் வியட்நாமையும் அடிக்கடி தாக்கும் சூறாவளி, தீபகற்ப மலேசியாவில் நேரடியாகக் கரையேறுவது அரிது. அரிது என்றால் வரவே வராது என்று பொருளல்ல. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி ‘வாமெய்’ என்ற சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே, ஒன்றரைப் பாகை வடக்கில், ஒரு சூறாவளி உருவானதாக அதற்கு முன் பதிவு இல்லை. ஜொகூரில் உயிர்ப்பலி வாங்கியது அதன் காற்றைவிட, அது கொண்டுவந்த மழையும் மண்சரிவும்தான். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1996 டிசம்பர் 26-இல், ‘கிரெக்’ என்ற வெப்பமண்டலப் புயல் சபாவைத் தாக்கியது. கெனிங்காவ் வட்டாரத்தில் 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கேயும் மலையிலிருந்து இறங்கிய வெள்ளமும் சேறும்தான் எமனாக வந்தன.

2021 டிசம்பர் இதைவிடத் தெளிவான பாடம். அந்த மாத நடுவில் தீபகற்பத்துக்கு வந்தது, பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வலுவில்லாத ஒரு வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு. காற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டிசம்பர் 18-இல் செந்தூலில் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் மழை பதிவானது. தலைநகரின் ஒரு மாதச் சராசரி மழையைவிட அதிகம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியில் நாள்கணக்கில் தண்ணீரும் சோறும் இல்லாமல் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

காற்றின் வேகத்தையும் பெயரையும் பார்த்துப் பயப்படப் பழகிவிட்டோம். நம்மைக் கொல்வது தண்ணீர். அதை அளப்பது மில்லிமீட்டரும் மீட்டரும். அந்த எண்கள் அலறுவதில்லை என்பதால் கண்ணில் படாமல் போகின்றன.

‘ரிபுட்’ என்ற சொல் செய்யும் வேலை

பரபரப்புக்கு மொழியும் துணை போகிறது. மலாயில் ‘ரிபுட்’ என்றால் புயல். ‘ரிபுட் பெத்திர்’ என்றால் இடியுடன் கூடிய மழை. மாலை நான்கு மணிக்கு நம் வீட்டுக் கொடியிலிருக்கும் துணியை நனைக்கும் அதே மழை. வானிலைத் துறை நாள்தோறும் ‘அமாரான் ரிபுட் பெத்திர்’ வெளியிடும். அதை அவசரத்தில் ‘புயல் எச்சரிக்கை’ என்று தமிழில் போட்டுவிட்டால், சாதாரண மழைநாள் புயல்நாள் ஆகிவிடும். பிறகு அதைப் படம் பிடித்து யாரோ அனுப்ப, இன்னொருவர் பழைய வெள்ளக் காணொளியைச் சேர்க்க, இரவுக்குள் ஒரு மாநிலமே மூழ்கிவிடும்.

உண்மையில் அந்த எச்சரிக்கைக்குத் திட்டமான பொருள் உண்டு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் இடிமழை நெருங்கிவிட்டது, அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரியும்போது அது வெளியாகும். ஒரு முறை வெளியிட்டால் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எந்த மாநிலம், எந்த மாவட்டம், எத்தனை மணி வரை என்று எழுதியிருக்கும். மறுநாள் காலையில் அதைப் பகிர்வது, காலாவதியான மருந்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது போல.

தொடர்மழைக்கு வேறு எச்சரிக்கை. அதற்கு மூன்று நிறங்கள். மஞ்சள் ‘வஸ்பாடா’, விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு ‘புரூக்’, நிலைமை மோசம். சிவப்பு ‘பஹாயா’, அபாயம். இதை வெளியிடுவது வானிலைத் துறை. பேசுவது இனிப் பெய்யப்போகும் மழையைப் பற்றி. ஜேபிஎஸ் ஆற்று மட்டத்துக்குப் போடும் படிநிலைகளிலும் ‘வஸ்பாடா’, ‘பஹாயா’ என்ற சொற்களே வரும். ஆனால் அது, இப்போது அளந்து பார்த்த ஆற்று நீரைப் பற்றியது. ஒன்று வருவதைச் சொல்கிறது, மற்றொன்று வந்துவிட்டதைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் நிலைமை புரியும்.

இன்னொரு சொற்றொடரையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். நாள் முன்னறிவிப்பில் ‘சத்து டுவா தெம்பாட்’ என்று வந்தால் அந்த மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மழை என்று அர்த்தம். ‘பெபெராப்பா தெம்பாட்’ என்றால் சில இடங்களில். மழை என்று சொன்னார்கள், என் வீட்டில் ஒரு துளி விழவில்லை, இவர்கள் சொல்வது எப்போதும் பொய் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு சொல்லைப் படிக்காமல் விட்டிருப்பார்கள். பக்கத்துத் தாமானில் கொட்டியிருக்கும்.

யாரை நம்பி வீட்டைப் பூட்டுவது?

அதிகாரபூர்வ முன்னறிவிப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நம் தெருவுக்கு மட்டும் கணக்குச் சொல்ல அதனால் முடியாது. நாளைக்கு என்பதில் இருக்கும் உறுதி, அடுத்த வாரத்துக்கு என்பதில் இருக்காது. அதனால்தான் அது மாறிக்கொண்டே இருக்கிறது. காலையில் மஞ்சள் போட்டுவிட்டு மாலையில் ஆரஞ்சு ஆக்கினால், முன்பு சொன்னது பொய் என்று பொருளல்ல; புதிய அளவீடு வந்திருக்கிறது என்று பொருள். 2021-க்குப் பிறகு, எச்சரிக்கை வெளியானது சரி, அது வீட்டிலிருந்த மக்களுக்குப் புரியும்படி போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியும் பலமாக எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். துறைகளிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. துறையின் அறிவிப்பில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, காலாவதி நேரம் இருக்கிறது. தவறினால் கேட்கலாம். ‘பெரும்புயல், பகிரவும்’ என்ற செய்தி தவறினால் கேட்க ஆளில்லை. அடுத்த வாரம் இன்னொரு செய்தியோடு அது வரும்.

அது செய்யும் கேடு என்ன என்பதைக் கிராய்ப் பெரியவர்தான் சொன்னார். 2014-க்குப் பிறகு ஒரு மழைக் காலத்தில், ‘இன்றிரவு பா கூனிங் திரும்ப வருகிறது’ என்று புலனத்தில் ஒரு செய்தி வந்ததாம். அவருடைய மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மழையில் மோட்டார் சைக்கிளில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆறு 20 மீட்டரைக்கூடத் தொடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதுதான் மிச்சம்.

“அதுக்கு அடுத்த வருசம் ஜேபிஎஸ் நெசமாவே எச்சரிக்கை விட்டாங்க. கிளம்பும்மானு சொல்றேன். ‘போன தடவையும் இப்படித்தான மாமா சொன்னாங்க’ன்னு உக்காந்திருக்கா. நான் சொல்றேன், போன தடவை சொன்னது எவனோ. இந்தத் தடவை சொல்றது ஆத்தை அளந்து பாத்தவன். அவளுக்கு ரெண்டும் ஒரே போன்லதான வருது!”

பிறகு அவளைப் படிக்கட்டுக்கே அழைத்துப் போய் நீர் ஏறியிருந்த இடத்தைக் காட்டினாராம். அதைப் பார்த்த பிறகுதான் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். எல்லார் வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஒரு படிக்கட்டு இருக்காது. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஆறு எங்கே ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்கு அந்த அளவுகோல் கையிலிருக்கும் பேசியில்தான் இருக்கிறது. நம் வீட்டுக்கு மிக அருகில் ஓடும் ஆற்றின் அளவு நிலையம் எது, அதன் அபாய அளவு என்ன என்பதை மழை இல்லாத ஒரு நாளில் தேடி எழுதி வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

கிளந்தானை நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். பள்ளி விடுமுறை டிசம்பரில்தான் என்றால், போகவே கூடாது என்பதில்லை. போகும் முதல் நாள் வானிலைத் துறையின் அறிவிப்பையும், குவா மூசாங், தங்கா கிராய் இரண்டு இடங்களின் ஆற்று மட்டத்தையும் பாருங்கள். ஆரஞ்சோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உறவினர் கேலி செய்தாலும் பரவாயில்லை. மஞ்சள் என்றால் மாற்று வழியும் ஒரு நாள் கூடுதல் மருந்தும் கையில் இருக்கட்டும். தண்ணீர் ஓடும் சாலையில் காரை இறக்காதீர்கள். கிளந்தானில் வெள்ளம் பார்க்கப் போவதே ஒரு திருவிழா போல நடக்கும். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள்.

மழை ஓய்ந்த நாளில் குவாலா கிராய் அமைதியான ஊர். காலையில் பசாரில் நாசி கெராபு நீல நிறத்தில் ஆவி பறக்கும். புடு வாசனை பிடிக்காதவர்கள் சோலோக் லாடா வாங்கிக்கொள்ளலாம். பச்சை மிளகாய்க்குள் தேங்காயும் மீனும் வைத்து வேகவைத்தது. சாப்பிட்டு முடித்து, வெயில் ஏறும் முன் படிக்கட்டுக்கு நடந்து போங்கள். கீழே ஓடும் ஆற்றையும், 34 மீட்டர் என்பது எவ்வளவு உயரம் என்பதையும் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு வந்தால், பிறகு செய்தியில் வரும் எண்கள் வெறும் எண்களாகத் தெரியாது.

அடுத்த முறை யாராவது ‘புயல் வருதாம்’ என்று சொன்னால், உடனே பகிராமல், உடனே சிரிக்கவும் செய்யாமல், நான்கு கேள்வி கேளுங்கள். சொன்னது யார்? எந்த மாவட்டத்துக்கு? எத்தனை மணி வரைக்கும்? ஆறு இப்போது எத்தனை மீட்டர்? நான்குக்கும் பதில் இருந்தால் பையைக் கட்டத் தொடங்குங்கள்.